பானைக்குக் கறுப்பு, தகட்டுக்குச் சிவப்பு

போன சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி. படையலுக்கு வடை சுட்டு முடித்த பிறகு பழைய வார்ப்பிரும்புப் பானையை வெந்நீர் விட்டு அலசி, அடுப்பிலேயே வைத்துக் காயவிட்டு, ஒரு பழைய வெள்ளைத் தலையணை உறையால் உள்ளே அழுத்தித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். துருச் சிவப்பும் இல்லை, கரியும் இல்லை. துருப்பிடித்துக் கிடந்த பானையை இந்த நிலைக்குக் கொண்டுவர எட்டு வாரத்துக்கு மேல் ஆனது, செலவு தென்னாப்பிரிக்கக் காசில் 1,020 ரேண்டு. அந்தக் காசுக்குக் கடையில் புதுசே கிடைக்கும் என்று மனைவி சொல்கிறாள், அதுவும் சரிதான். நான் பதில் சொல்லவில்லை. இடையில் செய்த தப்புகளை எல்லாம் மறப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இன்னொரு பானை வீட்டுக்குள் வராமல் இருக்காது என்று எனக்கே தெரியும்.

பானை ஆயாவினுடையது, அதாவது என் அம்மாவின் அம்மா. டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்று ஒரு இடம் இருந்தது, நகராட்சி வேலைக்கு இருந்த இந்தியர்கள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்த வரிசை வீடுகள், பாதிக்கு மேல் தமிழும் தெலுங்கும்தான் கேட்கும் என்பார்கள். 1960-களில் அதைக் காலி செய்து எல்லோரையும் சாட்ஸ்வொர்த் புறநகருக்கு அனுப்பியபோது லாரியில் ஏறி வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. குண்டு வயிறு, மூன்று கால், கழுத்தில் கம்பி மாட்ட இரண்டு காது. இங்கே இதை ஆப்ரிக்கான்ஸில் பொய்க்கி என்பார்கள், ஜூலு பேசுகிறவர்கள் இபோத்வே என்பார்கள், எங்கள் வீட்டில் வெறும் மூன்று கால் பானை. ஆயா போன பிறகு யாரும் தொடவில்லை. கடைசி இருபது வருஷமாகக் கொல்லையில் லிச்சி மரத்தடியில் மண் நிரம்பிக் கற்றாழைத் தொட்டியாக இருந்தது. மண்ணை நிரப்பியவன் நான்தான், அப்போது புத்தி இல்லை.

ஆகஸ்ட் 9 இங்கே பெண்கள் தினம், அரசு விடுமுறை. வீட்டுப் பெண்கள் வெளியே போய்விட்டார்கள், நான் கொல்லையை ஒழுங்கு செய்யலாம் என்று இறங்கினேன். பானையைத் தூக்க வளையக் கம்பியைப் பிடித்தேன், கம்பி கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கொட்டிப் பார்த்தால் உள்ளே துரு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது, ஒரு கால் மற்ற இரண்டைவிடக் கட்டைவிரல் அகலம் குட்டை. இது செத்த பானை என்று முடிவு கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டேன்.

ஆனால் ஆசை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சந்தையில், பழைய சாவிகளும் உடைந்த ரேடியோவும் விற்கும் ஒருவரிடம் இதே அளவில் ஒரு பானை பார்த்தேன், மூடி இல்லை, ஆனால் துருவும் அதிகம் இல்லை. 450 ரேண்டு சொன்னார், பேசி 300-க்கு முடித்தேன். கெட்டிக்காரன் மாதிரி சட்டைப்பையில் காந்தம் கொண்டு போயிருந்தேன். வயிற்றில் வைத்தேன், ஒட்டியது, இரும்புதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அடிக்குழியில் ஒரு பெரிய நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று தெரிந்தது. அது துருவும் இல்லை, கருகிய எண்ணெயும் இல்லை. வண்டிச் சாவியால் சுரண்டினேன். வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு, அடியில் பளபளவென்று மின்னியது.

எனக்கு வண்டி எலக்ட்ரிக் வேலை, இருபத்தைந்து வருஷமாகப் பாட்டரி முனைகளைச் சுரண்டுகிறவன். அந்தப் பளபளப்பு ஈயம். சந்தேகத்துக்குச் சுரண்டிய துணுக்கைக் காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் கோடு மாதிரி விழுந்தது. இந்தக் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, தூண்டிலுக்குக் குண்டு வேண்டும், குண்டை வீட்டிலேயே வார்க்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும், உருக்குவதற்கு வீட்டில் இருக்கும் பழைய இரும்புப் பானையைவிட வசதியான பாத்திரம் வேறு என்ன? விற்றவருக்கே இது தெரிந்திருக்காது. தேய்த்துக் கழுவினால் போகாதா என்று மச்சான் கேட்டார். வார்ப்பிரும்பின் உட்புறம் மணல் மணலாக, கண்ணுக்குத் தெரியாத குழிகளோடு இருக்கும், அதில் இறங்கியது முழுக்கப் போய்விட்டது என்று நான் எதை வைத்துச் சொல்வது? சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீடு. திருப்பி விற்கவும் மனசு வரவில்லை, இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும். எனவே ஆயா பானையில் இருந்த கற்றாழை இந்தப் பானைக்குக் குடிபோனது. வெளியே வெள்ளைப் பெயிண்டில் ‘ஈயம்’ என்று எழுதினேன், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பக்கத்தில் ஒரு மண்டை ஓடும் போட்டேன். அந்தக் கற்றாழையை முகத்தில் தடவக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

300 ரேண்டு போன வேகத்தில் செத்த பானைக்குத் திரும்பினேன்.

முதலில் அது உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க வேண்டும். காதில் கயிறு கட்டி லிச்சிக் கிளையில் தொங்கவிட்டு, கட்டைக் கரண்டியால் தட்டினேன். கீறல் இருந்தால் ‘தொப்’ என்று கேட்கும், நல்ல பானை மணி மாதிரி இழுத்துப் பாடும். இது பாடியது, இத்தனை துருவோடும். அப்படியும் நம்பாமல் இன்னொரு சோதனை செய்தேன்: வெளிப்பக்கம் அடியிலும் கால் சேரும் இடங்களிலும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சாக்பீஸைக் கனமாகப் பூசி, உள்ளே இரண்டு கரண்டி பாரபின், அதாவது மண்ணெண்ணெய், ஊற்றிச் சுழற்றி, ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். மயிரிழைக் கீறல் இருந்தாலும் பாரபின் ஊர்ந்து வந்து சாக்பீஸில் ஈரக்கோடு போட்டுவிடும். காலையில் கோடு இல்லை. சந்தையில் பானை வாங்கும்போது இது செய்ய முடியாது, ஆனால் தட்டிக் கேட்கலாம், சாவியால் சுரண்டலாம்.

துருவை எப்படி எடுப்பது என்று கேட்டால் இங்கே பத்தில் எட்டுப் பேர் ‘ப்ராய் நெருப்பில் போடு, எல்லாம் எரிந்துவிடும்’ என்பார்கள். ப்ராய் என்றால் வெளியில் நெருப்பு மூட்டிக் கறி வாட்டுவது. பக்கத்து வீட்டில் அப்படிப் போட்ட ரொட்டித் தவா நடுவில் தொப்பை போட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன், எண்ணெய் ஊற்றினால் ஓரத்துக்கு ஓடுகிறது. வார்ப்பிரும்பு கடினம்தான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடானால் வளையத் தெரியாது, கோணிவிடும், இல்லையென்றால் வெடித்துவிடும். அதுபோக நெருப்பு பழைய எண்ணெய்க் கறையை எரிக்குமே தவிரத் துருவை எடுக்காது. நான் சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துருவை எடுக்க முடிவு செய்தேன். என்னிடம் கடையில் பழைய பாட்டரி சார்ஜர் இருந்தது, 12 வோல்ட், 6 ஆம்பியர், மூளை இல்லாத பழைய ரகம். மூளை உள்ள புது சார்ஜர் இதற்கு ஆகாது, எதிரே பாட்டரி இல்லை என்று தெரிந்ததும் மின்சாரமே விடாது.

எழுபது லிட்டர் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி ஒன்று 180 ரேண்டுக்கு வாங்கினேன். பானை மூழ்க அறுபது லிட்டர் தண்ணீர் பிடித்தது, அதில் கால் கிலோ வாஷிங் சோடா. துணி துவைக்கிற சோடாதான், ஆப்ப சோடா இல்லை. உப்புப் போடலாமா என்று கேட்காதீர்கள், உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். பானையைச் சுற்றி நான்கு இரும்புத் தகடுகள், பழைய அலமாரியில் இருந்து வெட்டியவை, பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று செம்புக் கம்பியால் கட்டி நிறுத்தினேன். தகட்டுக்கு எவர்சில்வர் வேண்டாம், அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் கரைந்து விஷமாகும். துத்தநாகம் பூசிய தகரமும் வேண்டாம்.

அப்புறம் கவ்விகள். காரில் பாடிக்குக் கறுப்பு. இங்கேயும் பானைக்குக் கறுப்பு, தகட்டுக்குச் சிவப்பு. மாற்றி மாட்டினால் தகடு சுத்தமாகும், பானை கரையும். இதை நான் ஐந்து முறை சொல்லியும் என் அக்கா மகன் ஒரு தடவை மாற்றித்தான் மாட்டினான். இருபது நிமிஷத்தில் பார்த்துவிட்டேன், பானையில் இருந்து நுரை வரவில்லையே என்று. சரியாக மாட்டியிருந்தால் பானை முழுக்கப் பொடிப் பொடியாகக் குமிழ் விடும், அந்தக் குமிழ்தான் துருவைத் தளர்த்தித் தள்ளுகிற ஆள். குமிழ் ஹைட்ரஜன், எனவே வேலை வெளியில்தான், பக்கத்தில் நெருப்பு கூடாது, சிகரெட்டும் கூடாது. கவ்வியைத் தொடுவதற்கு முன் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும்.

முதல் ராத்திரி முடிந்து தூக்கிப் பார்த்தால் வெளிப்பக்கம் ஜோராகக் கறுத்திருந்தது, விரலால் தேய்த்தாலே பழைய கறை தார் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, போட்ட துரு போட்டபடி. மின்சாரம் நேர்ப் பார்வையில்தான் வேலை செய்கிறது, தகட்டுக்கு முகம் காட்டாத இடத்தைக் கண்டுகொள்வதில்லை. அதனால் இரண்டாவது ராத்திரி 12 மில்லிமீட்டர் கட்டடக் கம்பித் துண்டு ஒன்றை ஒரு மரச்சட்டத்தில் கட்டிப் பானையின் வயிற்றுக்குள் தொங்கவிட்டேன், சுவரில் படாமல். சிவப்புக் கவ்வியை அதற்கும் இழுத்தேன். காற்றில் சட்டம் நகர்ந்து கம்பி பானையில் பட்டு, சார்ஜர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷ எலக்ட்ரீஷியன் பண்ணிய ஷார்ட். மறுநாள் சட்டத்தின் மேல் செங்கல் வைத்தேன்.

இத்தனைக்கும் நடுவே லோட் ஷெட்டிங். 2023-இல் எங்கள் பகுதியில் இரண்டு இரண்டு மணி நேரமாக ஒரு நாளில் பல முறை மின்சாரம் போன வாரங்களும் உண்டு. இந்தக் கட்டத்தில் அதனால் நஷ்டம் இல்லை, சோடாத் தண்ணீரில் பானை சும்மா கிடந்தால் துருப்பிடிக்காது. மொத்தம் ஓடிய நேரம் கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு மணி நேரம், பாதியில் ஒரு முறை தண்ணீர் மாற்றினேன்.

கழுத்து மடிப்பிலும் காதுகளின் உள்வளைவிலும் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு ராத்திரி ஓட்டியிருந்தால் போயிருக்கும். எனக்கு அவசரம். ஐந்து லிட்டர் வெள்ளை வினிகர் வாங்கி, சரிபாதி தண்ணீர் கலந்து, பானையை அதில் தலைகீழாக நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன், அன்று ஒரு லாரிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றி வீடு வர ராத்திரி ஆகிவிட்டது, தூங்கிவிட்டேன். மறுநாள் காலை எடுத்தபோது இருபது மணி நேரம் ஆகியிருந்தது. துரு போயிருந்தது, கூடவே இரும்பின் தோலும் போயிருந்தது. கழுத்தைச் சுற்றி வெளிறிய சாம்பல் நிறம், கை வைத்தால் கரி ஒட்டுகிறது, சிரங்கு மாதிரி பொடிக்குழிகள். வினிகருக்குத் துரு எது இரும்பு எது என்ற பேதமெல்லாம் தெரியாது. அரை மணிக்கு ஒரு முறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டிய வேலை அது. குழிகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன, எண்ணெய் அங்கேதான் முதலில் உரிகிறது.

கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போய் வந்தேன், பத்து நிமிஷம் இருக்கும். பானை முழுக்க ஆரஞ்சு நிறப் பொடி. அதுதான் டர்பன் காற்று, கடல் ஈரம். நிர்வாண இரும்பு ஒரு தேநீர் நேரம்கூடத் தாங்காது. மறுபடியும் சோடாத் தண்ணீரில் தேய்த்து, இந்த முறை உடனே கேஸ் அடுப்பில் ஏற்றிச் சூடாக்கி ஈரம் போனதும் எண்ணெய் தடவினேன்.

அந்தச் சூட்டில்தான் எழுத்து தெரிந்தது. வயிற்றின் ஒரு பக்கம் புடைப்பாக, பாதி தேய்ந்து, ஃபால்கர்க் என்று. ஸ்காட்லாந்தில் ஒரு ஊர், அங்கே இருந்த வார்ப்பாலைகள் இந்த மாதிரிப் பானைகளை ஆப்பிரிக்காவுக்கென்றே வார்த்துக் கப்பலேற்றின. அளவு எண் தேய்ந்துவிட்டது, தண்ணீர் ஊற்றி அளந்தேன், விளிம்பு வரை எட்டே கால் லிட்டர். வயிறு 29 சென்டிமீட்டர், வாய் 25, காலோடு உயரம் 31, குளியலறைத் தராசில் எடை பத்து கிலோ. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய வரம்பு ஓடுகிறது, அச்சின் பாதிகள் சேர்ந்த இடம். இரும்பு வயிற்றுப் பானையை மணலில் வார்க்கும் முறைக்கு ஆபிரகாம் டார்பி இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1707-இல். அன்றிலிருந்து இந்த உருவம் பெரிதாக மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் இல்லை, சமதரை இல்லாத இடத்திலும் மூன்று கால் ஆடாமல் நிற்கும். எங்கள் பானை மட்டும் சாய்ந்து நிற்கும். குட்டைக் காலை வெல்ட் வைத்து நீட்டலாமா என்று ஒரு பட்டறையில் கேட்டேன். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு வேண்டும், பானை முழுவதையும் சூடேற்றி மெல்ல ஆறவிட வேண்டும், அப்படியும் பக்கத்தில் விரிசல் வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து ஒரு ஓட்டுத் துண்டை அளவாகத் தேய்த்து வைத்துக்கொண்டேன். கைப்பிடிக்கு 8 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி, 60 ரேண்டு, வைஸில் மாட்டி வளைத்தேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் முதல் தடவையே சரியாக வந்த வேலை.

இனி எண்ணெய். இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற சூரியகாந்தி எண்ணெய்தான் எடுத்தேன். மெல்லிசாகப் பூசி, புகையும் அளவுக்குச் சூடாக்கி ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெய் எண்ணெயாக இல்லாமல் கெட்டியான கறுப்புத் தோலாக இறுகிவிடும். இந்த ‘மெல்லிசாக’ என்ற சொல்லில்தான் எல்லோரும் விழுகிறார்கள். நான் தாராளமாகவே பூசினேன், ஆயாவின் பானை ஆயிற்றே, கஞ்சத்தனம் எதற்கு என்று. கரண்ட் அடுப்பின் தட்டுகளை எல்லாம் உருவி எடுத்தால் பானை ஒரு விரல் இடைவெளியில் உள்ளே போனது, 230 டிகிரி வைத்தேன். இருபத்தைந்தாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது. செல்போனில் அட்டவணை பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் பானை ஈக்காகிதம் மாதிரி ஒட்டுகிறது, அடியில் தேன் சொட்டுப் போலத் துளித்துளியாக எண்ணெய் உறைந்திருக்கிறது. திரும்பவும் சூடேற்றினால் இறுகும் என்று ஏற்றினேன், இறுகியது, ஆனால் சொட்டுச் சொட்டாகவே இறுகியது, நகத்தால் நிமிண்டினால் பொரிப் பொரியாகக் கழன்றது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. பட்டறைக் கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் (கிண்ணம் மாதிரியான கம்பித் தூரிகை) மாட்டித் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்று 120 ரேண்டுக்கு ஒன்று வாங்கி ஒரு பக்கம் ஓட்டியும் பார்த்தேன். இரும்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பானது, அந்த வழுவழுப்பில் பிறகு எண்ணெய் பிடிக்கவே மறுத்தது. நிறுத்திவிட்டுக் கையாலேயே தேய்த்தேன்.

செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், 2023-இல் ஞாயிற்றில் விழுந்ததால் 25 திங்களும் விடுமுறை. அன்றைக்கு நாடு முழுக்க ப்ராய் புகை. எங்களுக்குப் புரட்டாசி பிறந்து ஒரு வாரம், வீட்டில் மரக்கறி மட்டும். கரண்டை நம்பிப் பயனில்லை என்று இரண்டாகப் பிளந்த பழைய இருநூறு லிட்டர் ட்ரம்மை இழுத்துப் போட்டேன், மேல்பாதி மூடி. இரண்டு ஓரத்திலும் கரியைக் குவித்து, நடுவில் தீ இல்லாமல், கம்பிவலையில் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அதற்கு முன்னால் பானையைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து எண்ணெய் தடவி, பிறகு தெரியாமல் தடவிவிட்டோம் என்கிற மாதிரி காய்ந்த துணியால் மொத்தத்தையும் துடைத்து எடுத்தேன், இனி துடைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதும் இன்னொரு புதுத் துணியால் இன்னொரு தடவை. வண்டி இன்ஜின் சூடு பார்க்கிற துப்பாக்கித் தெர்மோமீட்டரில் பானை முதுகு 240-க்கும் 250-க்கும் நடுவே நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கறி வாட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்து, மூடிக்குள்ளே என்ன கறி என்று கேட்டார்கள். பானை என்றேன். பானைக்குள்ளே என்ன என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி பத்து நிமிஷம், ஆறவிட அரை மணி. மூன்றாவதில் கறுப்பு மினுமினுத்தது, கை வைத்தால் ஒட்டவில்லை.

அங்கேதான் அகங்காரம் வந்தது. பானை தயார் என்று மனைவியிடம் அறிவித்தேன். அவள் புதன்கிழமை அதில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள், கெட்டியான புளி, தக்காளி வேறு, முக்கால் மணி நேரக் கொதி. குழம்பு கறுப்பாக வந்தது, நாக்கில் ஆணியைச் சப்பின ருசி, பானையின் உள்ளே தண்ணீர் மட்டம் வரை திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிருந்தது. மூன்று பூச்சு முக்கால் மணியில் போனது. அவள் மேல் தப்பே இல்லை, தயார் என்று சொன்னவன் நான்.

பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு வயசு, அடுத்த தெருவில் இருக்கிறார். பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கரும்ப குடுத்திருக்கியேடா” என்றார். பாரக்ஸில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார்களாம், கழுவியதும் அடுப்புச் சூட்டிலேயே கவிழ்த்துக் காயவைத்து ஆட்டுக் கொழுப்பை ஒரு துணியில் தொட்டு இழுப்பார்களாம். புளி ஊற்றுகிற குழம்பு மண்சட்டியில், இதில் கறி, பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் மட்டும். “சுட்டா மட்டும் போதாது, பழக்கணும்” என்றார். யோசித்தால் அந்தச் சாம்பலும் என் வாஷிங் சோடாவும் ஒரே குடும்பத்துக் காரம்தான், நான் 180 ரேண்டு தொட்டியும் சார்ஜரும் வைத்துச் செய்ததை ஆயா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறார்.

அவர் சொன்னபடியே செய்தேன். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஒரு நாள் ஊறவைத்துக் கழுவினேன், ஆணி வாசனை போனது. உடனே காயவைத்து, நான்கு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, தாராளமாக எண்ணெய் விட்டுச் சிறு தீயில் கருகும் வரை பானையின் சுவர் எல்லாம் படும்படி தேய்த்து வதக்கி, வெங்காயத்தைக் கொட்டிவிட்டேன். ட்ரம்மில் இன்னும் இரண்டு பூச்சு. 30-ஆம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை, இரண்டு லிட்டர் எண்ணெய் ஊற்றிப் பூரி. புரட்டாசி என்பதால் கறி வைக்க முடியாமல் போனது நல்லதாகவே முடிந்தது, பொரித்துப் பொரித்தே பானை பழகிவிட்டது, அடியில் இருந்து வாய் வரை ஒரே சீராகக் கறுத்தது. ஏழாம் தேதி வடை. அந்த வெள்ளைத் துணிதான் மேலே சொன்னது.

இப்போது தினசரிப் பராமரிப்பு சுருக்கம்தான். வெந்நீர், தேங்காய் நார், பிசுக்கு அதிகம் என்றால் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போடுகிறேன். நன்றாக இறுகின தோலை இந்தக் காலத்துச் சோப்பு ஒன்றும் செய்வதில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவதே கிடையாது. அடுப்பில் காயவைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவித் துடைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு வைக்கிறேன். பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் இது போதுமா என்பதை அப்போது பார்க்கலாம்.

கணக்கு: ஈயப் பானை 300, தொட்டி 180, கரி இரண்டு மூட்டை 180, வேண்டாத கம்பிக் கிண்ணம் 120, வினிகர் 75, கைப்பிடிக் கம்பி 60, சோடா இரண்டு பாக்கெட் 60, கம்பித் தூரிகை 45. ஈயப் பானை, கம்பிக் கிண்ணம், வினிகர் மூன்றையும் கழித்தால் 525-இல் முடிந்திருக்கும் வேலை. அடுத்த தடவை உள்கம்பியை முதல் ராத்திரியே தொங்கவிடுவேன், துரு மிச்சம் இருந்தால் சார்ஜரையே இன்னொரு ராத்திரி ஓட்டுவேன், கரண்ட் அடுப்புப் பக்கமே போகமாட்டேன், பத்துத் தடவை பொரிக்கும் வரை புளியைச் சமையலறையில் ஒளித்து வைப்பேன்.

மூடிதான் இன்னும் இல்லை. கடையில் விற்கிற புதுப் பானையின் மூடியை வைத்துப் பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர் பெரிசு, ஆடுகிறது, ஆவி எல்லாம் ஒரு பக்கமாகப் போகிறது. இப்போதைக்கு ஒரு எனாமல் தட்டைக் கவிழ்த்துச் சமாளிக்கிறோம். நேற்றுப் பெரியம்மா திடீரென்று நினைத்துக்கொண்டு சொல்கிறார், அந்த மூடி டொங்காட்டில் மாமா வீட்டில் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து இருக்குமே, போன தீபாவளிக்குக்கூடப் பார்த்தேனே என்று. இத்தனை வாரமாக நான் பானையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், காந்தத்தோடு இந்தத் தடவை சாவியையும் எடுத்துக்கொண்டு.